புதுப்பிப்பு: செவில்லியா மகரேனா பக்தசபை

ஸ்பெயினின் செவில்லியா நகரில், மகரேனா பேட்டையிலுள்ள கத்தோலிக்கப் பக்தசபையின் தலைமையகத்துக்கு எந்த மாதமும் போகலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தை ஒட்டிப் போனால் அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஊர்வலச் சப்பரங்கள் இருக்காது. அலங்காரத்துக்காகப் பக்கத்து பசிலிக்காவுக்கு (பக்தசபையின் தேவாலயம்) கொண்டுபோய்விடுவார்கள். பசிலிக்காவுக்குக் கட்டணமில்லை, அருங்காட்சியகத்துக்கு உண்டு. நடுப்பகலில் கோயில் நடை சாத்துவது வழக்கம், காலையிலேயே போய்விடுங்கள்.

மாதா சப்பரத்தின் விதானத்தைத் தாங்கும் 12 வெள்ளிக் கால்களோடு நின்றுவிடாமல் கீழேயும் பாருங்கள். அடியில் குறுக்குவாட்டில் உத்திரங்கள் இருக்கும். இங்கே சுமப்பவர்கள் தோள் கொடுப்பதில்லை. தலையில் கட்டிய துணிச்சுருளின் மேல், பிடரியில் தாங்குகிறார்கள். வெளியிலிருந்து ஆட்களே தெரியாததால்தான் மாதா தானாக நடந்துவருவதுபோல் இருக்கும்.

மாதாவின் மார்பில் ஐந்து பச்சை ப்ரோச்சுகள் (உடையில் குத்தும் நகைகள்) மின்னும். காளைச்சண்டை வீரர் ஹோசெலீட்டோ கொடுத்த காணிக்கை அவை. 1920இல் அவர் இறந்தபோது சொரூபத்துக்கே கறுப்பு உடுத்தினார்கள்.

சொரூபத்தைக் கிட்டத்தில் பார்க்க டிசம்பர் 18ஐ ஒட்டிய நாட்கள்தான் சரி. கைமுத்தி செய்யப் பீடத்திலிருந்து கீழே இறக்கி வைப்பார்கள். வரிசை நீளமாக இருக்கும்.

பசிலிக்காவில் இருப்பதாகப் பழைய கையேடுகள் சொல்லும், ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்காலத் தளபதி கெய்ப்போ தெ யானோவின் கல்லறையைத் தேடாதீர்கள். 2022 நவம்பரில் அகற்றிவிட்டார்கள்.