புதுப்பிப்பு: டேப்லெட்டில் குழம்பிய தமிழ் எழுத்தும் டிவியில் வராத படமும் – இரண்டும் சரியாகிவிட்டன

மார்த்தாண்டம் தேன் விற்பனைக்கான பிரசன்டேஷனைத் தாள் இல்லாமல் டேப்லெட்டில் காட்டப் பார்த்தால், தமிழெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது, டிவியிலும் படம் வரவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எழுத்துக்கு, 'கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள்' என்று இங்கே பதில் சொன்ன ஒரு அண்ணனின் யோசனைதான் பலித்தது. நான் அடித்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். அது எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறை இல்லை, டேப்லெட்டில் அந்த எழுத்துருவும் இல்லை. பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துரு கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது.

டிவி கதை வேறு. டேப்லெட்டின் டைப்-சி போர்ட்டைக் கம்பி வழியாக டிவியுடன் இணைக்க எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கியது தண்டம். எல்லா டைப்-சி போர்ட்டிலும் வீடியோ வெளியே வராது. என்னுடையது யுஎஸ்பி 2.0, சார்ஜுக்கும் கோப்பு மாற்றவும்தான் ஆகும். வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில், கம்பி இல்லாமல் டேப்லெட் திரையை அப்படியே டிவியில் காட்டும் மிராகாஸ்ட் வசதி கைகொடுத்தது. டிவியிலும் அந்த வசதி இருந்தால் போதும். ரூட்டரோ இணையமோ வேண்டாம்.

நேற்று கன்னியாகுமரியில் ஒரு ஓட்டலில் காட்டினேன். நடுவில் 'வரும்போது மரச்சீனி வாங்கிட்டு வா' என்ற வீட்டு வாட்ஸ்அப் பெரிய திரையில் வந்து நின்றது! அறிவிப்புகளை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம், மேலாளர் விலைப்பட்டியலை மட்டும் தாளில்தான் கேட்டார். சரி என்று அச்செடுத்துக் கொடுத்தேன்.