ஓசூர் சிப்காட்டிலிருந்து மெல்போர்ன்: தனியாகக் கன்சல்டிங் தொடங்குகிறவர்களுக்கு

பர்கூர் காலேஜில் படித்து, ஓசூர் சிப்காட்டில் பல வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்து, இப்போது மெல்போர்னில் இருக்கிற தம்பி கேட்டது: "தனியா கன்சல்டிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்ணா. வர்ற வேலையெல்லாம் எடுக்கறதா, ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கறதா?" வேறு சிலரும் இதையே கேட்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் விசா. 482-ல் (கம்பெனி ஸ்பான்சர் செய்யும் ஆஸ்திரேலிய வேலை விசா) இருப்பவர்கள் இந்தப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஸ்பான்சர் செய்த கம்பெனிக்குத்தான் வேலை பார்க்கலாம். பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கைக்கு வந்தவர்களுக்குத்தான் மீதி.

ஓசூரில் மெஷின் நின்றால் "அந்த சூளகிரிக்காரரைக் கூப்பிடு" என்பார்கள். ஆளைத் தெரியும், அதனால் எல்லா வேலையும் அவருக்கு வரும். இங்கே நம்மை யாருக்குத் தெரியும்? 'மெயின்டனன்ஸ் கன்சல்டன்ட்' என்றால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். 'கம்ப்ரசர் காற்றுக் கசிவை அடைத்து கரண்ட் பில்லைக் குறைத்துத் தருவேன்' என்று சொல்லிப் பாருங்கள், பில் பார்க்கிற மேனேஜர் உட்காரச் சொல்லுவார்.

ஆக, குறுக்கத்தான் வேண்டும். எதை வைத்து என்பதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். 'நான் ஆட்டோமொபைல் ஆள்' என்பார்கள். ஓசூருக்கு அது சரி. இங்கே ஃபோர்டு 2016-லும், டொயோட்டாவும் ஹோல்டனும் 2017-லும் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டன. எந்தத் தொழில் என்பதை விட்டுவிட்டு, எந்தக் கோளாறு என்பதைப் பிடியுங்கள். காற்றை அழுத்தி மெஷின்களுக்கு அனுப்பும் கம்ப்ரசர், பால், பிஸ்கட், பேக்கிங், பிரின்டிங் என்று எங்கும் ஓடுகிறது. சரியாகப் பராமரிக்காத ஆலையில் 20 முதல் 30 சதவீதக் காற்று கசிந்தே போவது சாதாரணம். அழுத்தத்தை 1 பார் இறக்கினாலே கம்ப்ரசர் கரண்டில் சுமார் 7 சதவீதம் மிச்சம். மிச்சத்தைத் தொகையாகக் காட்ட முடிகிற வேலைக்கு ஃபீஸ் கேட்க வாய் கூசாது.

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைக்காரர்களுக்கு இது தெரியும். மாம்பழம் மட்டும் என்றால் சீசன் முடிந்ததும் பூட்டுதான். அதே லைனில் கொய்யாவும் தக்காளியும் ஓட்டுகிறவருக்கு மெஷின் ஒன்றுதான், பழம்தான் வேறு.

ரொம்பவும் குறுக்கிவிடாதீர்கள். ஒரே பிராண்டு கம்ப்ரசர் என்று போனால் அந்த பிராண்டின் சர்வீஸ் ஆட்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஒரு வாடிக்கையாளரிலேயே தொங்குகிற நிலையும் வரும். அதில் வரிச் சிக்கல் வேறு: உங்கள் உழைப்பு வருமானத்தில் 80 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே இடத்திலிருந்து வந்தால், முடித்துக் கொடுத்த வேலைக்குத்தான் பணமா, கருவி உங்களுடையதா, தப்பை உங்கள் செலவில் சரிசெய்கிறீர்களா என்றெல்லாம் வரி ஆபீஸில் பார்ப்பார்கள். இதில் ஒன்றில் தேறாவிட்டாலும் சில செலவுகளைக் கழிக்க முடியாமல் போகலாம். அக்கவுண்டன்டிடம் முன்னாடியே பேசிவிடுங்கள். ஆண்டு வரவு 75,000 டாலரைத் தொட்டால் ஜி.எஸ்.டி. பதிவும் உண்டு.

பைப்லைன் டிசைன் மாற்றம் சொல்லிக் காசு வாங்குவதாக இருந்தால் விக்டோரியாவில் இன்ஜினியர் பதிவு வேண்டியிருக்கும். 2021-ல் அமலுக்கு வந்த ஏற்பாடு. மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கலா என்று பிரிவு சொல்லித்தான் பதிய வேண்டும்.

தம்பி, மெல்போர்னில் டான்டினாங், லேவர்ட்டன் பக்கம் கம்ப்ரசர் ஓடுகிற முப்பது கம்பெனிப் பெயரை எழுதுங்கள். முப்பது தேறாவிட்டால் கொஞ்சம் அகலப்படுத்தி வாக்குவம் பம்பையும் சேருங்கள். கியர்பாக்ஸ், கன்வேயர் வேலை வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாடகை கட்ட வேண்டுமே. விசிட்டிங் கார்டில் மட்டும் அவை வேண்டாம். லிஸ்ட் ரெடியானதும் இங்கேயே போடுங்கள், அந்தப் பக்கம் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் இருந்தால் சொல்லுவார்கள்.