ஆறு மாச எக்ஸ்சேஞ்சா, நேரா மாஸ்டர்ஸா? தங்கச்சி விஷயம், கொஞ்சம் சொல்லுங்க

தக்கலை_தம்பி
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி நாகர்கோவில் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் மூணாவது வருசம் படிக்கா. சிஜிபிஏ 8.1, அரியர் கிடையாது. அவ காலேஜுக்கும் ஜெர்மனில ஒரு யுனிவர்சிட்டிக்கும் எம்ஓயு (ஒப்பந்தம்) இருக்காம், வருசம் ரெண்டு பேர ஒரு செமஸ்டருக்கு எக்ஸ்சேஞ்சுல அனுப்புதாங்க, இந்த தடவ இவ பேரு வந்துருக்கு. படிப்பு ஃபீஸ் இங்க கட்டுறதுதான், அங்க தங்குறது சாப்பாடு எல்லாம் நம்ம செலவு. அப்பாக்கு சீட்டு எடுத்த காசு 7 லட்சம் கையில இருக்கு. சவுதில இருக்குற சித்தப்பா போன் போட்டு ஒரே சத்தம், "ஆறு மாசம் ஊரு சுத்திட்டு வாறதுக்கா ஏழு லட்சம், பைய படிச்சு முடிக்கட்டு, அந்த காச வச்சு மாஸ்டர்ஸுக்கு நேரா போட்டு"ங்காரு. அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடல. வெள்ளிக்கிழமைக்குள்ள காலேஜ்ல பதில் சொல்லணும். போயிட்டு வந்தவங்க யாராவது உள்ளத சொல்லுங்க.

கருங்கல்காரன்
சித்தப்பா சொல்லுறதுதான் சரி மக்கா. நான் ஜெர்மனிக்கு நேரா மாஸ்டர்ஸுக்கு வந்தவன், இப்போ இங்கயே வேலைல இருக்கேன். எக்ஸ்சேஞ்சுல வந்தா கையில கிடைக்கிறது ஒரு மார்க் லிஸ்ட், அவ்வளவுதான், டிகிரி கிடையாது. இங்க டிகிரி முடிச்சவனுக்கு வேலை தேட 18 மாசம் விசா குடுப்பான், எக்ஸ்சேஞ்ச் பிள்ளைக்கு அது இல்ல, செமஸ்டர் முடிஞ்சா பெட்டிய கட்டணும். காசு கணக்கும் பாத்துக்கோ, விசாவுக்குன்னு முன்கூட்டியே காசு போட்டு வைக்கிற பிளாக்டு அக்கவுண்ட்ல மாசத்துக்கு 992 யூரோ காட்டணும், வருசத்துக்கு 11,904, நம்ம காசுல 12 லட்சத்த தொடும். ஆறு மாசத்துக்கு 5,952 யூரோ, அதோட டிக்கெட் விசா குளிருக்கு சட்டை எல்லாம் சேத்தா உங்க அப்பா சீட்டு காசு மொத்தமும் காலி. அப்புறம் மாஸ்டர்ஸுக்கு எத வச்சு வருவா?

வடசேரி_அக்கா
கருங்கல்காரன் தம்பி சொல்லுற கணக்கு சரி, ஆனா பாதி கணக்கு. நான் 2019ல எக்ஸ்சேஞ்சுல போனவ. அந்த 992 யூரோ ஃபீஸ் இல்ல, அவ காசு, அவ அக்கவுண்ட்லதான் கெடக்கும், மாசா மாசம் எடுத்து செலவழிப்பா, மிச்சம் பிடிச்சா அவளுக்குத்தான். நான் சமைச்சுதான் சாப்பிட்டேன், கொண்டு போன மிளகாப்பொடியும் கருவாடும் மூணு மாசம் வந்துச்சு (கருவாடு வறுத்த அன்னைக்கு ஹாஸ்டல்ல ஃபயர் அலாரம் அடிச்சு மொத்த மாடியும் ரோட்டுல நின்னது தனிக்கதை).

விஷயத்துக்கு வாறேன். நேரா போற பிள்ளைக்கு ரூம் கிடைக்கவே மாசம் மூணாகும், ஊர் பதிவு, பேங்க், இன்சூரன்ஸ்னு முதல் செமஸ்டர் அப்படியே போயிரும். எக்ஸ்சேஞ்ச்னா பெரும்பாலும் அங்க உள்ள இன்டர்நேஷனல் ஆபீஸே ஹாஸ்டல் பாத்து குடுத்துரும், கூட ஒரு பிள்ளைய துணைக்கு விடும். இன்னொண்ணு, நமக்கு அந்த குளிரும் தனிமையும் ஒத்து வருமான்னு ஆறு மாசத்துல தெரிஞ்சுரும். என் கூட வந்த பிள்ள திரும்பி வந்து "நான் ஊர விட்டு போமாட்டேன் அக்கா"ன்னு சொல்லி இங்கயே சர்க்கார் வேலைக்கு படிச்சா. அது அவளுக்கு லாபமா நஷ்டமா? லோன் போட்டு ரெண்டு வருச படிப்புக்கு போய் நடுவுல அது தெரிஞ்சிருந்தா?

கருங்கல்காரன்
அக்கா, தனிமை ஒத்து வருமான்னு பாக்க 7 லட்சமா? அதுக்கு சென்னைல ஒரு பிஜில ஆறு மாசம் இருந்து பாக்கலாமே.

வடசேரி_அக்கா
சென்னைல நாலு மணிக்கு இருட்டுமா தம்பி?

கோணம்_பழசு
ரெண்டு பேரும் காசுலயே நிக்கிறீங்க. கேக்க வேண்டிய கேள்விய யாரும் கேக்கல. எந்த செமஸ்டருக்கு போறா?

நான் போனேன், அடி வாங்கினேன், அதனால சொல்லுதேன். அங்க விண்டர் செமஸ்டர்னா அக்டோபர் 1ல இருந்து மார்ச் 31 வர, கிளாஸ் அக்டோபர் பாதில தொடங்கி பிப்ரவரில முடியும், அதுக்கப்புறம் பரீட்சை. நம்ம ஊர்ல ஒரு செமஸ்டர் ஜூலை ஆகஸ்ட்ல தொடங்கி டிசம்பர்ல முடிஞ்சு அடுத்தது ஜனவரில தொடங்கிரும். அப்போ நீங்க அங்க ஒரு செமஸ்டர் படிச்சா இங்க ரெண்டு செமஸ்டர்ல கை வைக்கும். சம்மருக்கு போனா ஏப்ரல்ல தொடங்கும், இங்க ஏப்ரல் மே பரீட்சை போச்சு.

நான் போறப்ப எச்ஓடி (துறைத்தலைவர்) தோள்ல தட்டி "நீ போயிட்டு வா, அதெல்லாம் பாத்துக்கலாம்"ன்னாரு. அங்க 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பால பாடத்துக்கு போடுற அளவு) கிரெடிட் எடுத்தேன், ஒரு செமஸ்டருக்கு உள்ளது முழுசும் அதுதான், எல்லாம் பாஸ். பிப்ரவரி கடைசில ஊருக்கு வந்து மார்க் லிஸ்ட்ட குடுத்தா, காலேஜ்ல எச்ஓடி மாறியாச்சு. புதுசா வந்தவரு அத திருப்பி திருப்பி பாத்துட்டு "இதுல பேப்பர் கோடு ஒண்ணும் நம்ம சிலபஸ்ல இல்லியே"ங்காரு. எங்க காலேஜ் அஃபிலியேட்டட், கேள்வித்தாள் போடுறதும் மார்க் ஷீட் அடிக்கிறதும் யுனிவர்சிட்டி, காலேஜுக்கு சொந்தமா ஒரு கிரெடிட்ட ஏத்துக்க அதிகாரமே கிடையாதாம், இத போறதுக்கு முன்னாடி ஒருத்தரும் சொல்லல. ஆறு பேப்பருக்கு நேரா ஆப்சென்ட்னு அடிச்சு வந்துச்சு. அந்த ஆறையும் அடுத்த செமஸ்டர் பேப்பரோட சேத்து எழுதுனேன், ஒரே மாசத்துல பன்னெண்டு பரீட்சை. பின்னால மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணுனப்ப ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கும் "இது ஃபெயில் இல்ல, நான் உங்க நாட்டுலதான் இருந்தேன்"னு தனியா லெட்டர் வச்சேன். சிரிக்காதீங்க.

தக்கலை_தம்பி
அண்ணே இது புதுசா இருக்கே. இவளும் அக்டோபருக்குத்தான் போறா. கிரெடிட் பத்தி காலேஜ்ல ஒண்ணும் பேசலியாம்.

ரப்பர்காட்டு_மாமா
நேரா போறது லேசுன்னு பேசுறவங்களுக்கு ஒரு வார்த்தை. மகனுக்கு லோன் போட போனேன். 7.5 லட்சத்துக்கு மேலன்னா ஈடு வேணும்னான், சரி குலசேகரத்துல இருக்குற 60 சென்ட் ரப்பர் தோட்டத்த வைக்கலாம்னு பத்திரத்த கொண்டு போனேன். பேங்க் வக்கீலு மூலப்பத்திரம் கேட்டாரு. எங்க தாத்தா காலத்து பத்திரம் திருவிதாங்கூர் காலத்துது, முழுசும் மலையாளம், தேதி கொல்லம் ஆண்டு (மலையாள வருசம்) 1118 மேட மாசம்னு இருக்கு. மெட்ராஸ்ல இருந்து வந்த வக்கீலு அத தலகீழா பிடிச்சிட்டு பாத்தாரு. மலையாளம் தெரிஞ்ச ஆள தேடி பிடிச்சு, மொழிபெயர்த்து, சான்று வாங்கி, வில்லங்கம் எடுத்துன்னு ரெண்டரை மாசம். பயலுக்கு அட்மிஷன் இன்டேக் ஒண்ணு போச்சு. நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த 1956க்கு முன்ன உள்ள பத்திரம் வச்சிருக்குறவங்க இப்பமே அத எடுத்து வெயில்ல காட்டுங்க.

இன்னொண்ணு, படிப்பு லோன் வட்டிக்கு வருமான வரில கழிவு உண்டுன்னு பேங்க்ல இனிப்பா பேசுவான். பழைய வரி முறைல இருந்தாத்தான் அது, புதுசுல கிடையாது.

குளச்சல்_கடல்
எக்ஸ்சேஞ்சுல போனா ரெண்டு வருசத்துக்கு திரும்ப அந்த நாட்டுக்குள்ளயே விட மாட்டான்னு கேள்விப்பட்டேன், உண்மையா? அப்போ மாஸ்டர்ஸுக்கு எப்படி போறது?

வடசேரி_அக்கா
அது அமெரிக்கா ஜே-1 விசா விஷயம் தம்பி, ஜெர்மனிக்கு அப்படி ஒண்ணும் இல்ல. அங்கயும் எல்லாருக்கும் கிடையாது, சர்க்கார் காசுல போனவங்க மாதிரி சிலருக்குத்தான், அதுவும் எல்லா விசாவுக்கும் தடை இல்ல, எச்1பி வேலை விசா, கிரீன் கார்டு மாதிரி சிலதுக்குத்தான். அந்த ரெண்டு வருச விதி எந்த நாட்டுக்காரங்களுக்குன்னு சொல்லுற ஸ்கில்ஸ் லிஸ்ட்ல முன்ன இந்தியா பேரு இருந்துச்சு, 2024 டிசம்பர்ல எடுத்துட்டாங்க.

மார்த்தாண்டம்_தேன்
ஜார்ஜியால எம்பிபிஎஸ் எப்படி, யாராவது சொல்லுங்களேன்

கோணம்_பழசு
அதுக்கு தனி இழை போடுங்க. நீட் பாஸ் பண்ணிட்டு போடுங்க.

கருங்கல்காரன்
கோணம் அண்ணன் சொன்னது என் பேச்சுக்குத்தான் பலம். இன்னொண்ணும் இருக்கு. மாஸ்டர்ஸுக்கு நம்ம சிஜிபிஏவ ஜெர்மன் மார்க்கா மாத்துவான், அதிகபட்சத்துல இருந்து நம்ம மார்க்க கழிச்சு, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள இடைவெளியால வகுத்து, மூணால பெருக்கி ஒண்ண கூட்டணும். அதிகபட்சம் 10, பாஸ் 5ன்னு வச்சா 8.1க்கு 2.14 வரும், அங்க சின்ன நம்பர்தான் நல்ல நம்பர். நிறைய எடத்துல 2.5க்குள்ள கேப்பான், அது 7.5 சிஜிபிஏ. அவ இப்போ நல்ல எடத்துல நிக்கா. எதுக்கு போய் தெரியாத ஊர்ல ரெண்டு பரீட்சைல கோட்ட விட்டு அத கெடுக்கணும்?

வடசேரி_அக்கா
தம்பி, அதே பிள்ள அங்க உள்ள ஒரு ப்ரொஃபசர்ட்ட படிச்சு 1.7 வாங்கி அவரு கையால லெட்டரோட அப்ளை பண்ணினா அதுக்கு உங்க கணக்குல எத்தன மார்க்கு?

கருங்கல்காரன்
அது நியாயம். ஆனா வாங்கினா. எல்லாரும் நீங்க இல்ல அக்கா.

ஒரு விஷயத்துல மட்டும் எல்லாரும் சூதானமா இருங்க, நேரா போறேன்னு நாகர்கோவில்ல போர்டு மாட்டி இருக்குற ஆள்கிட்ட கண்ண மூடி கையெழுத்து போடாதீங்க. என் மாமா பையன "ஜெர்மனில படிப்பு ஃப்ரீ"ன்னு சொல்லி ஒருத்தன் பிரைவேட் யுனிவர்சிட்டில சேத்து விட்டான், ஃபீஸே வருசத்துக்கு 10 லட்சத்துக்கு மேல. ஃப்ரீ சர்க்கார் யுனிவர்சிட்டிலதான், அதுலயும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்துல வெளிநாட்டு பிள்ளைக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு, மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் 2024 விண்டர்ல இருந்து ஃபீஸ் வாங்குறான். நம்ம படிப்பு சான்றுகள சரிபாத்து குடுக்குற ஏபிஎஸ் சர்டிபிகேட்டும் 2022 நவம்பர்ல இருந்து கட்டாயம்.

கோணம்_பழசு
தக்கலை தம்பி, போ போகாதன்னு நான் சொல்லமாட்டேன். ஒரு பேப்பர் வாங்குங்க. அங்க எடுக்குற ஒவ்வொரு பாடமும் இங்க எந்த பேப்பருக்கு பதில், கிரெடிட் எத்தன, ஜனவரில தொடங்குற செமஸ்டர்க்கு அட்டெண்டன்ஸ் என்ன ஆகும், இதெல்லாம் எழுதி பிரின்சிபால் கையெழுத்தும் யுனிவர்சிட்டி அனுமதி நம்பரும் இருக்கணும். வாயால சொன்னது வேண்டாம். லேர்னிங் அக்ரிமெண்ட்னு அங்க உள்ளவனே படிவம் அனுப்புவான், அதுல நம்ம காலேஜ் சைடு கட்டத்த நிரப்பாம விட்டா அது வெறும் காயிதம். என்னோடதுல அந்த கட்டம் காலியாத்தான் இருந்துச்சு, நான் பாக்கல.

தக்கலை_தம்பி
நேத்து நானும் அப்பாவும் காலேஜுக்கு போனோம். எச்ஓடி நல்ல மனுசன்தான், டீ வாங்கி குடுத்தாரு. கோணம் அண்ணன் சொன்ன மூணையும் கேட்டேன். சிரிச்சிட்டே "அதெல்லாம் பாத்துக்கலாம், முதல்ல விசா வரட்டு"ன்னாரு. அப்பா என்னைய பாத்தாரு, நான் அப்பாவ பாத்தேன்.

ராத்திரி தங்கச்சியே அங்க உள்ள கோஆர்டினேட்டருக்கு மெயில் போட்டா. காலைல எழும்புறதுக்குள்ள பதில் வந்துருச்சு, பாட லிஸ்ட், ஒவ்வொண்ணுக்கும் கிரெடிட், பரீட்சை தேதி முதக்கொண்டு. கடைசி வரில "உங்க கல்லூரி நிரப்ப வேண்டிய பகுதி பக்கம் 3"ன்னு இருக்கு.

கருங்கல்காரன்
வேண்டாம்னு சொல்லிருங்க. அதான் பதில்.

வடசேரி_அக்கா
வேண்டாம்னு சொல்லாதீங்க, அந்த பக்கம் 3ஐ பிரிண்ட் எடுத்து பிரின்சிபால் மேசைல வைங்க. போன வருசம் போன ரெண்டு பிள்ளைகளோட மார்க் ஷீட்டு என்ன ஆச்சுன்னும் கேளுங்க, பிள்ளைககிட்ட நேரா கேளுங்க.

கோணம்_பழசு
இத நானும் ஒத்துக்கிடுதேன். வியாழக்கிழமை வர டைம் இருக்கே.

தக்கலை_தம்பி
சரி அக்கா. போன வருசம் போனதுல ஒரு பிள்ள திங்கள்சந்தைதானாம், நம்பர் கிடைச்சிருக்கு, இப்போ தங்கச்சி மாடில நின்னு அவகிட்டதான் பேசிட்டு இருக்கா, முக்கா மணிக்கூர் ஆச்சு. கீழ அம்மா சோறு போட்டு வச்சிட்டு கூப்பிடுதா, காதுலயே விழல. வியாழன் சாயங்காலம் வந்து சொல்லுதேன்.