கனவை நோட்டில் எழுதிவைப்பதில் பயன் இருக்கிறதா?

பட்டாளம் டெய்லர் (மார்ச் 9)

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் வரைக்கும் நின்றது. தையல் மெஷினைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு மாடி வீட்டில் போய்த் தங்கினோம். வடிந்த பிறகு வீட்டைக் கழுவினோம், சுண்ணாம்பு அடித்தோம், எல்லாம் சரியானது. எனக்கு மட்டும் ஒரு கனவு ஒட்டிக்கொண்டது. கதவுக்கு அடியில் சத்தமே இல்லாமல் தண்ணீர் உள்ளே வரும். நான் மெஷினைத் தூக்கப் போவேன். அது தரையோடு பிடித்துக்கொண்டு நகராது.

போன வருடம் ஜனவரியிலிருந்து தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எழுதிவிடுவேன். எத்தனை மணிக்குப் படுத்தேன், என்ன கண்டேன், விழித்தபோது மனசு எப்படி இருந்தது, முந்தின நாள் என்ன நடந்தது, இவ்வளவுதான். கனவு வராத நாளில் 'இல்லை' என்று எழுதுவேன். பிப்ரவரி முடிய 14 மாதத்தில் 186 கனவுகள். அதில் தண்ணீர் வந்தவை 31.

எனக்குத் தோன்றுவது இது: மழை வரப்போகிறது என்றாலே என் மனசு பயப்படுகிறது. பகலில் தைரியமாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன், கனவு உண்மையைக் காட்டுகிறது. வீட்டில், "கண்டதை எழுதி எதற்கு மறுபடி மறுபடி நினைக்கிறாய்?" என்கிறார்கள். உங்களில் யாராவது இப்படி எழுதியதுண்டா? பயன் இருந்ததா?


பெரம்பூர் லோகோ (மார்ச் 9)

அக்கா, நீங்கள் பட்ட கஷ்டம் புரிகிறது. ஆனால் இந்த நோட்டு வேலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. காரணம் சொல்கிறேன்.

1977ல் ஹாப்சன், மெக்கார்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தூக்கத்தில் மூளைத்தண்டிலிருந்து கண்டபடி சமிக்ஞைகள் மேலே போகின்றன. மேல்மூளை அவற்றைக் கோத்து எப்படியோ ஒரு கதை செய்கிறது. அதுதான் கனவு என்றார்கள். அதை அப்படியே ஏற்காதவர்களும் உண்டு. ஆனாலும் கனவில் வரும் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் இருந்தே தீரும் என்று தொடங்குவது தவறு.

எங்கள் பட்டறையில் மெஷின் நின்றால் லாக் புத்தகத்தில் எழுதுவோம். அதிலிருந்து எந்த பேரிங் எப்போது தேயும் என்று பிடிக்க முடியும். ஏனென்றால் மெஷின் நின்றதை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். கனவைப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். அதையும் பாதி மறந்த பிறகு எழுதுகிறீர்கள். மழைக்கு முன்னால் வந்த கனவு மனதில் நிற்கும், வெயில் காலத்தில் வந்தது நிற்காது. மழைக்கும் கனவுக்கும் தொடர்பு என்று சொல்கிறீர்களே, தேதிகளை எண்ணிப் பார்த்தீர்களா?


திருவொற்றியூர் தேரடி (மார்ச் 10)

தம்பி, எல்லாவற்றையும் மூளைச் சத்தம் என்று ஒதுக்காதீர்கள். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதை என்றே ஒரு காதை இருக்கிறது. கண்ணகி பெரிய நகரம் ஒன்றில் கோவலன் மேல் பொய்ப்பழி விழுவதைப் புகாரிலேயே கனவில் கண்டுவிட்டாள். மதுரையில் அப்படியே நடந்தது.

என் தாயார் போவதற்கு முன்னால் பல் விழுவதாக நான் கனவு கண்டேன். 1989ல். இன்றுவரை மறக்கவில்லை. மகளே, நீ எழுது. ஆனால் எழுதிய பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் பலன் கேள். பலன் தெரியாமல் எழுதுவது, கடிதத்தை வாங்கிப் பிரிக்காமல் வைப்பது மாதிரி.


பெரம்பூர் லோகோ (மார்ச் 10)

ஐயா, உங்கள் தாயாரைப் பற்றிச் சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் பல் விழும் கனவு உலகத்தில் ஏகப்பட்ட பேருக்கு வருகிறது. வந்து ஒன்றும் நடக்காதவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை.

விடியற்காலைக் கனவுக்கு வேறு காரணம் இருக்கிறது. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடும் கட்டம் ஒன்று வரும். சிகாகோவில் அசெரின்ஸ்கியும் க்ளைட்மனும் 1953ல் அதை வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். முதல் சுற்றில் அது சில நிமிடம். விடியும் நேரத்தில் அரை மணி நேரத்துக்கும் மேல் போகலாம். நாம் விழிப்பதும் பல நேரம் அதிலிருந்துதான். அதனால் விடியற்காலைக் கனவு நீளமாக இருக்கிறது, நினைவிலும் நிற்கிறது. பலிப்பதாகத் தோன்றுவதற்கு அதுவே போதும்.


பட்டாளம் டெய்லர் (மார்ச் 10)

தேரடி ஐயா, உங்கள் மனசு நோகக்கூடாது. நான் பலன் தேடி எழுதவில்லை. கண்ணகி கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கனவைத் தோழி தேவந்தியிடம் வாய்விட்டுச் சொல்கிறாள். அவள், குளத்தில் மூழ்கிக் காமன் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு சேரலாம் என்று பரிகாரம் சொன்னதும், அது பெருமை ஆகாது என்று மறுத்துவிடுகிறாள். கனவைச் சொல்வதற்கும் பலனுக்குப் பின்னால் ஓடுவதற்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. நான் அங்கே நிற்க விரும்புகிறேன்.

லோகோ தம்பி, எண்ணவில்லை. ஒப்புக்கொள்கிறேன். இந்த வாரம் எண்ணிவிட்டுச் சொல்கிறேன்.


மூலக்கொத்தளம் நர்ஸ் (மார்ச் 11)

ஒரு விஷயம் மட்டும். கனவைப் பார்த்துக்கொண்டே கை கால் உதைப்பது, கத்துவது, பக்கத்தில் படுத்தவரை அடித்துவிடுவது இருந்தால், அல்லது பலத்த குறட்டையோடு மூச்சு முட்டி முட்டி விழித்தால், நோட்டை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். டாக்டரைப் பாருங்கள். தண்ணீரில் மூழ்குகிற மாதிரி கனவு வருகிறது என்று வந்தவர் ஒருவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது பிறகுதான் தெரிந்தது.


எண்ணூர்க்காரி (மார்ச் 12)

எல்லாரையும் எழுதச் சொல்லாதீர்கள் அக்கா. இதை நான் கோபத்தோடு எழுதவில்லை, பயத்தோடு எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 26 ராத்திரி இங்கே அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் பக்கம் எல்லாரும் கண் எரிய எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினோம். டிசம்பர் 26 என்றாலே கடலோரத்து ஜனங்களுக்குச் சுனாமி நாள். அதே தேதியில் இது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுக்கப் படிந்திருந்தது. அதற்குப் பிறகு எனக்குக் கனவில் வாடை வரும். ஆமாம், படம் இல்லை, வாடை மட்டும். எழுந்து ஜன்னலைத் திறந்தால் ஒன்றும் இருக்காது.

யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மாதம் எழுதினேன். விடியற்காலை மூன்று மணிக்கு விளக்கைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் விடாமல். வாரத்துக்கு ஒருநாள் வந்தது மூன்று நாளானது. படுக்கவே பயம். கடைசியில் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். அந்த டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நடந்ததை எழுதினது போதும். இனிமேல் முடிவை மாற்றி எழுதுங்க." கனவை எனக்குப் பிடித்த மாதிரி மாற்றச் சொன்னார். என் கதையில் வாடை வரும், நான் மாடிக்குப் போவேன், கடல்காற்று அடிக்கும், என் பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தினமும் பகலில் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடி அதை ஓட்டிப் பார்க்கவேண்டும். ராத்திரியில் கூடாது. கனவு குறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது எப்போதாவதுதான்.

அதனால் சொல்கிறேன். சும்மா வரும் கனவு வேறு, உயிர்ப்பயம் கண்டவர்களுக்கு வரும் கனவு வேறு. பின்னதை யாரும் தனியாக உட்கார்ந்து தோண்டக்கூடாது. நேரில் போக முடியாதவர்கள் 14416க்கு அழைக்கலாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.


பெரம்பூர் லோகோ (மார்ச் 12)

இதை யோசிக்காமல்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்தச் சிகிச்சைமுறை ஆய்விலும் நிரூபிக்கப்பட்டது. பேரி க்ராகோவும் அவர் குழுவும் 2001ல் வெளியிட்டார்கள், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இதே மாதிரி கனவை மாற்றி எழுதச் செய்ததில் கெட்ட கனவுகள் குறைந்தன. ஆனால் அக்கா, இது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. மாற்றி எழுதியது உதவியது. பதிவு செய்தது உதவவில்லை.


பட்டாளம் டெய்லர் (மார்ச் 16)

எண்ணூர்த் தங்கச்சி, உன் பதிவைப் படித்த அன்று ராத்திரி நோட்டைத் தொடவில்லை. என் கனவு என்னைத் தூங்கவிடாத அளவுக்கு இல்லை, அந்த வித்தியாசம் எனக்கு இப்போது புரிகிறது. அப்படி ஆனால் நோட்டை மூடிவிடுவேன்.

லோகோ தம்பி, எண்ணிவிட்டேன். நான் நினைத்தது தப்பு. தண்ணீர்க் கனவு 31ல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வந்தவை 8தான். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு வருடமாக இதை நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு முந்தின நாள் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று கண்ணில் பட்டது. மெஷின் வாங்கியது மகளிர் குழுக் கடனில். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி தவணை. 6ஆம் தேதியிலிருந்து 9ஆம் தேதி வரைக்கும் உள்ள நாலு ராத்திரிகளில் மட்டும் 13 கனவு. மழையை நினைத்துக்கொண்டிருந்தேன், மனசு பணத்தை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கனவின் அர்த்தத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்ப்பது நான் கண்டுபிடித்ததில்லை. ஹால், வான் டி காசில் என்ற இருவர் 1966லேயே மாணவர்களின் ஆயிரம் கனவுகளை, ஆண்கள் கண்டவை 500 பெண்கள் கண்டவை 500, யார் வந்தார்கள், சண்டையா நட்பா, எந்த இடம் என்று பிரித்து எண்ணியிருக்கிறார்கள். அப்படி எண்ணுகிறவர்கள் சொல்வது, பகலில் நம்மைப் பிடித்திருப்பதுதான் ராத்திரியிலும் வருகிறது என்று. எழுதிவைக்காவிட்டால் எதை எண்ணுவது?


பெரம்பூர் லோகோ (மார்ச் 16)

தப்பு என்று நீங்களே சொன்னதற்கு என் மரியாதை. மாதத்துக்கு நாலு ராத்திரி என்றால் 31 கனவில் தற்செயலாக நாலு அங்கே விழலாம், 13 அதிகம்தான். ஆனால் எத்தனை விஷயங்களோடு பொருத்திப் பார்த்தீர்கள்? மழை, சண்டை, மகன் பரீட்சை, கரண்ட் போனது, தவணை? இருபதைப் பொருத்தினால் ஒன்று தானாகவே பொருந்தும். உண்மையா என்று தெரிய ஒரே வழி, இப்போதே இங்கே எழுதிவைத்துவிட்டு அடுத்த மூன்று மாதம் பாருங்கள்.


காசிமேடு விசைப்படகு (மே 4)

அக்கா, பழைய பேச்சு என்றாலும் படித்தேன். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் கரையில்தான். கடலில் இருக்கும்போது வலை இழுக்க மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் எழுப்புவார்கள். கனவே கிடையாது என்று நினைத்திருந்தேன். கரைக்கு வந்து ஏழு மணி வரை தூங்கினால் தினமும் கனவு, எல்லாம் கடல். விடியற்காலைக் கனவைப் பற்றி லோகோ அண்ணே சொன்ன கணக்கைப் படித்த பிறகுதான் ஏன் என்று புரிந்தது. வீட்டில் எனக்கு ஏதோ கோளாறு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகப் பார்த்தார்கள். இப்போது நிம்மதி.


பட்டாளம் டெய்லர் (ஜூன் 17)

மூன்று மாதம் முடிந்தது. தண்ணீர்க் கனவு 7. தவணைக்கு முந்தின நாலு ராத்திரிகளில் 4. ஒருநாள்கூட எழுதாமல் விடவில்லை.


பெரம்பூர் லோகோ (ஜூன் 17)

ஒன்று வரலாம் என்ற இடத்தில் 4. சும்மா ஒதுக்க முடியாது. ஆனால் 7 சின்ன எண்ணிக்கை, அப்புறம் அந்தத் தேதிகளில் கனவு வரும் என்று உங்களுக்கே தெரியும். எதிர்பார்ப்பே கனவைக் கூட்டி வந்திருக்கலாம். இதை எப்படிப் பிரிப்பது என்று எனக்கு வழி தெரியவில்லை.


பட்டாளம் டெய்லர் (ஜூன் 17)

எனக்கும் தெரியவில்லை தம்பி. ஆனால் ஒரு வேலை செய்தேன். தவணைக்கு ஆகும் பணத்தை இப்போது வாராவாரம் தனி டப்பாவில் போட்டுவிடுகிறேன். 5ஆம் தேதியே கையில் இருக்கிறது. கனவு நிற்குமா என்று டிசம்பர் வரைக்கும் எழுதிப் பார்க்கப் போகிறேன்.


திருவொற்றியூர் தேரடி (ஜூன் 18)

பலனைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஆனால் டப்பா நல்ல காரியம் மகளே.


காசிமேடு விசைப்படகு (ஜூன் 18)

அக்கா, நாளை கடலுக்குப் போகிறோம். எனக்குச் சரளமாக எழுத வராது. போனில் பேசிப் பதிவு செய்தால் ஆகுமா?


பட்டாளம் டெய்லர் (ஜூன் 18)

தாராளமாக ஆகும் தம்பி. விழித்ததும் புரண்டு படுக்காமல், அப்படியே கண்ணை மூடியபடி கடைசியாகக் கண்டதிலிருந்து பின்னோக்கி நினைத்துப் பார். அப்புறம் போனை எடுத்து முதலில் தேதியைச் சொல். கனவு வராத நாளிலும் தேதியைச் சொல்லி 'இல்லை' என்று ஒரு வார்த்தை பேசிவிடு. பத்திரமாகப் போய்வா.