கிராலரின் கீழ் லிங்க் திரும்பத் திரும்ப வளைகிறது: எம்4 போட்டால் போதுமா?

பாறைப்பல்லி:
வணக்கம். என்னுடையது 1/10 அளவு ஆர்சி கிராலர், அதாவது ரிமோட்டில் பாறை ஏறும் குட்டி வண்டி. பின் ஆக்ஸிலை (அச்சை) வண்டிச் சட்டத்தோடு பிணைக்க நான்கு லிங்க், அதாவது இணைப்புக் கம்பிகள்: மேலே இரண்டு, கீழே இரண்டு. வண்டியோடு வந்த பிளாஸ்டிக் லிங்க் தொளதொளவென்று இருந்ததால், கீழ் இரண்டையும் எம்3 த்ரெட் ராடில் (3 மி.மீ. மரையிட்ட கம்பியில்) நானே செய்து, இரு முனையிலும் பிளாஸ்டிக் ராட் எண்ட் (உள்ளே உருண்டை சுழலும் கண் முனை) போட்டேன். பாறை விளிம்பில் வண்டி உட்காரும்போதெல்லாம் லிங்க் வளைகிறது. நிமிர்த்திப் போட்டால் அதே இடத்தில் இன்னும் சுலபமாக வளைகிறது. வலது பின்சக்கரம் முன்னால் நகர்ந்து பாடியில் உரசுகிறது. எம்4 ராட் போட்டால் போதுமா, டைட்டானியம்தான் வழியா?

துருத்திருகு:
எந்த இடத்தில் வளைகிறது? நடுவிலா, ராட் எண்ட் வாயிலா?

பாறைப்பல்லி:
ஒன்று நடுவில். இன்னொன்று ராட் எண்ட் முடிகிற இடத்திலேயே மடக்கிவிட்ட மாதிரி. அங்கே த்ரெட் பள்ளத்தில் மயிரிழை விரிசலும் தெரிகிறது.

துருத்திருகு:
அப்போது இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நடுவில் வளைவது தடிமன் போதாததால். மேல் லிங்க் பெரும்பாலும் இழுபடும் அல்லது அமுங்கும், அவ்வளவுதான். கீழ் லிங்க்குக்கு அதோடு வண்டியின் எடையும் குறுக்கே விழுகிறது. எம்3 ராடில் த்ரெட் பள்ளத்தைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 2.4 மி.மீ. இரும்பு. வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடியாக ஏறும். எம்4க்கு மாறினால் இரண்டு மடங்கும் கொஞ்சமும்தான் கிடைக்கும், ராட் எண்டையும் மாற்ற வேண்டும். அதே உலோகத்தில் 6 மி.மீ. உருளை என்றால் 15 மடங்கு.

அதற்காக முழுக் கம்பியே வேண்டும் என்றில்லை. 6 மி.மீ. உருளையின் நடுவில் 3 மி.மீ. துளை போட்டால் எடையில் கால்பங்கு போகும், விறைப்பில் சுமார் 6 சதவீதம்தான் குறையும். ஆகவே இருக்கிற ராடின் மேலேயே 6 மி.மீ. அலுமினிய ட்யூபை மாட்டிவிடுங்கள்.

இனி ராட் எண்ட் வாய். ட்யூபுக்கும் ராட் எண்டுக்கும் நடுவே ஒரு த்ரெட் வெளியே தெரிந்தாலும் மொத்த வளைவும் அங்கேதான் சேரும். இரண்டு பக்கமும் ராட் எண்ட் ட்யூபை இறுக்கிக் கவ்வ வேண்டும். ட்யூபின் முனை நேர்க்கோணமாக இருப்பது முக்கியம். ரம்பத்தால் அறுத்துவிட்டு அப்படியே மாட்டினால் ஒரு ஓரம் மட்டும் முட்டும், இறுக்க இறுக்க லிங்க் தானாகவே கோணும். அரத்தால் சமன் செய்து பிசிறை எடுத்துவிடுங்கள். முடிந்ததும் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். கோணியிருந்தால் அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும். விரிசல் விட்ட ராடைத் தூக்கிப் போடுங்கள்.

கியர்பைத்தியம்:
இவ்வளவு எதற்கு? டைட்டானியம் வாங்கிப் போட்டால் முடிந்தது. வளையவே வளையாது.

துருத்திருகு:
நன்றாக வளையும் நண்பரே. ஒரே தடிமனில் அதன் விறைப்பு எஃகில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். நல்ல கலவையாக இருந்தால் வளைந்த பின் நிமிர்ந்துகொள்ளும், அதுதான் அதன் பெருமை. அது எடை குறைவு என்பதும் கீழ் லிங்க்கில் பெரிய லாபமில்லை. கிராலருக்கு அடியில் எடை இருந்தால் நல்லதுதானே?

கியர்பைத்தியம்:
சரி, அப்படியென்றால் 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியில் இரு முனையிலும் துளை போட்டு எம்3 டேப் (உள்மரை வெட்டும் கருவி) அடிக்கலாமே.

துருத்திருகு:
அடிக்கலாம், பலமாகவும் இருக்கும். ஆனால் டேப் பாதியில் உடைந்து உள்ளே மாட்டினால் அந்தத் துண்டு அவ்வளவுதான். கையால் செய்கிறவருக்கு ட்யூப் வழியே நிம்மதி.

பாறைப்பல்லி:
ட்யூப் போட்டுவிட்டேன். இப்போது பாறையில் உட்கார்ந்து வழுக்கிப் போகிறது, லிங்க் அசையவில்லை. ஆனால் ஒரு சக்கரத்தை முழுசாகத் தூக்கினால் பாதியிலேயே நிற்கிறது, விட்டால் டக்கென்று திரும்புகிறது.

மேடுபள்ளம்:
லிங்க்கைக் கழற்றி இரண்டு ராட் எண்டையும் ஒரே நேராகப் பாருங்கள். இறுக்கும்போது ஒன்று கால் சுற்று திரும்பி நின்றிருக்கும். அப்போது ஒரு பக்க உருண்டை சீக்கிரமே தன் எல்லையில் முட்டிவிடும். இரண்டு கண்ணும் ஒரே தளத்தில் நிற்கும்படி திருப்பி வையுங்கள். அதோடு கண்ணுக்குக் கண் நீளம் இடதும் வலதும் ஒன்றாக இருக்க வேண்டும். பலகையில் இரண்டு ஆணி அடித்து, இரண்டு லிங்க்கையும் அதில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாறைப்பல்லி:
அதேதான், ஒரு முனை திரும்பியிருந்தது. சரியாகிவிட்டது. ராட் எண்டையும் உலோகத்தில் மாற்றிவிடவா?

துருத்திருகு:
வேண்டாம். ஏதாவது ஒன்று உடைந்தே ஆக வேண்டும் என்றால் அது பிளாஸ்டிக் ராட் எண்டாக இருக்கட்டும். அதையும் பலப்படுத்தினால் அடுத்து ஆக்ஸிலில் லிங்க் மாட்டுகிற காதுதான் பிய்யும். பையில் நாலு உதிரி ராட் எண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.