புது கார், ஒரு டோர்ல மட்டும் பெயிண்ட் கனம் 240 மைக்ரான்: எடுக்கலாமா, வேணாம்னு சொல்லலாமா?

கெடிலக்கரை:
மஞ்சக்குப்பத்துல இருக்கேன், ஆறு வருஷம் காசு சேத்து வாங்குற முதல் கார், சாம்பல் மெட்டாலிக். நேத்து ஷோரூம் யார்டுக்குப் போயி பாத்தேன், இன்னும் ரெஜிஸ்ட்ரேஷன் ஆகல. ஃப்ரெண்டு பெயிண்ட் திக்னஸ் மீட்டர் குடுத்தான், எல்லா பேனல்லயும் 105லிருந்து 120 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மைக்ரான்) காட்டுது, இடது பக்க பின் டோர்ல மட்டும் 230, 240. கேட்டா ஃபேக்டரியிலயே அப்படித்தான் வரும்ங்கறாங்க. முன் பம்பர் கலரும் லேசா வேற மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை டெலிவரி, மணக்குள விநாயகர் கோயில்ல பூஜைன்னு அம்மா சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டாங்க. என்ன பண்றது?

சில்வர்பீச்:
ப்ரோ எடுத்துக்கங்க. லாரன்ஸ் ரோட்ல ரெண்டு வாரம் ஓட்டுனா எவனாவது பைக்கால உரசிட்டுதான் போவான், அப்ப மீட்டர் வெச்சுப் பாப்பீங்களா? இஞ்சின், பிரேக், ஏர்பேக் சரியா இருந்தா போதும். வேணாம்னு சொன்னா அடுத்த வண்டிக்கு ரெண்டு மாசம் காக்கணும், அதுல வேற குறை இருக்காதுன்னு யாரு கேரண்டி? ஆயில் சர்வீஸ் ரெண்டு ஃப்ரீயா கேட்டு வாங்கிட்டு எடுங்க, அதான் லாபம்.

கெடிலக்கரை:
நான் ஓட்டி விழற கீறல் என்னோடது ப்ரோ. புதுசுக்கு உண்டான முழு விலையும் வாங்கிட்டு மறைச்சுக் குடுக்குறது வேற.

முத்தியால்பேட்டை பெயிண்டர்:
22 வருஷமா டிங்கரிங் பெயிண்டிங் வேலை பாக்குறேன், ரெண்டு பேருக்கும் சொல்றேன்.

தம்பி, பம்பரை விட்டுடு. பம்பர் பிளாஸ்டிக், பாடி இரும்பு. பாடியை ஃபேக்டரி ஓவன்ல 140 டிகிரி பக்கம் சுடுவாங்க, பிளாஸ்டிக் அந்தச் சூடு தாங்காதுன்னு பெரும்பாலும் தனியா அடிச்சு கம்மி சூட்டுல காய வெப்பாங்க, மெட்டாலிக்ல அதனால லேசா வித்தியாசம் தெரியும். அதுக்காக சண்டை போட்டா அவங்க பக்கம்தான் நியாயம். உன் மீட்டரும் பிளாஸ்டிக்ல வேலை செய்யாது.

ஆனா டோர் விஷயம் அப்படி இல்ல. ஃபேக்டரியிலயும் டச்சப் பண்ணுவாங்க, இல்லைங்கல, ஆனா பக்கத்து பேனல் 110 இருக்க ஒரு டோர் முழுக்க 240ன்னா மேல இன்னொரு தடவை அடிச்சிருக்காங்க. டிரெய்லர்ல வரும்போதோ யார்டுல எடுக்கும்போதோ இடிச்சிருக்கலாம். 400, 500 தாண்டலைன்னா ஒடுக்கை நிரப்புற பட்டி அதிகம் போடலைன்னு வேணா சொல்லலாம்.

சில்வர்பீச்:
அண்ணே நல்லா அடிச்சிருந்தா என்ன கெட்டுப்போச்சு? நீங்களே அடிச்சுக் குடுத்து ஆளுங்க சந்தோஷமா போறாங்கல்ல.

முத்தியால்பேட்டை பெயிண்டர்:
என் வேலையில எனக்கு நம்பிக்கை உண்டு தம்பி, ஆனா ஃபேக்டரியில பாடி முழுசையும் தொட்டியில முக்கி எடுத்து கரண்ட் மூலமா முதல் கோட் ஏத்துறாங்க, அது டோர் உள் மடிப்பு வரைக்கும் போயி ஒட்டும், அதான் துரு பிடிக்காம காக்குறது. ஒடுக்கு எடுக்கணும்னா அந்த இடத்துல இரும்பு தெரியற வரைக்கும் தேய்ப்போம், அப்புறம் கன்ல என்னதான் பிரைமர் அடிச்சாலும் அது முக்கி எடுத்ததுக்கு ஈடாகாது. நம்ம ஊரு கடல் காத்து, உப்பு. தேவனாம்பட்டினம் பக்கம் நிக்கிற வண்டிங்களோட டோர் அடி ஓரத்தைப் பாருங்க, புரியும்.

தம்பி, வெயில் ஏற்றதுக்கு முன்னாடி, காலையில ஏழு ஏழரைக்கு மறுபடி போ. வண்டியைக் கழுவித் துடைச்சு வைக்கச் சொல்லு, தூசியில எதுவும் தெரியாது. சைடுல குனிஞ்சு நின்னு பாரு, பக்கத்து கட்டடத்தோட பிம்பம் பெயிண்ட்ல எப்படி தெரியுதுன்னு, ஃபேக்டரி டோர்ல ஒரு மாதிரி ஆரஞ்சுத் தோல் போல பொடிப்பொடி மேடு பள்ளம் இருக்கும், அடிச்ச டோர்ல வேற மாதிரி இருக்கும். ரப்பர் பீடிங்கை லேசா தூக்கிப் பாரு, டேப் ஒட்டி அடிச்சிருந்தா ஓரத்துல கோடு நிக்கும். கீல் போல்ட் தலையில பெயிண்ட் உரிஞ்சு ஸ்பேனர் தடம் இருந்தா டோரைக் கழட்டியிருக்காங்க. ரெண்டு பக்க டோர் கேப்பும் மேலயும் கீழயும் ஒண்ணா இருக்கான்னு விரல் வெச்சுப் பாரு. சாயங்காலம் ஷோரூம் லைட்ல மாலை போட்டு நிறுத்தி வெச்சா இதுல ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது.

சில்வர்பீச்:
சரிண்ணே, உப்புக்காத்து விஷயத்தை நான் யோசிக்கல. ஆனா முகூர்த்தத்தை விட்டுட்டு அம்மாகிட்ட யாரு பேசுறது? இன்னும் சொல்றேன், தள்ளுபடியும் துருவுக்கு எழுத்துல வாரண்டியும் குடுத்தா எடுத்துடலாம்.

கெடிலக்கரை:
எழுத்துல கேட்டேன் ப்ரோ, "டோர் ரீபெயிண்ட் ஆகல"ன்னு லெட்டர்ஹெட்ல ஒரு வரி குடுங்கன்னு, மேனேஜர் முடியாதுன்னுட்டாங்க. அதுலயே எனக்கு மனசு விட்டுப்போச்சு. நம்பர் விழற வரைக்கும்தான் என் பேச்சு எடுபடும். மெயில் போட்டுட்டேன், மீட்டர் ஃபோட்டோ எல்லாம் சேத்து, வேற வண்டி ஒதுக்குங்க, அது வரைக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணாதீங்கன்னு. ஒத்துக்கலைன்னா நுகர்வோர் ஆணையத்துக்குப் போறேன். அம்மாகிட்ட இப்பதான் சொன்னேன், "அடுத்த முகூர்த்தம் பாத்துக்கலாம்டா"ன்னாங்க.

முத்தியால்பேட்டை பெயிண்டர்:
நாளைக்கு ஏழு மணிக்கு நானும் வரேன் தம்பி. மெயின் ரோடு கேட்டுல நில்லு.