புதுப்பிப்பு: மூணு அத்தர், ரெண்டு வாரம்

திருவல்லிக்கேணியில் மூணு அத்தர் வாங்கியிருக்கேன், போட்டுப் பார்த்துட்டு வந்து சொல்றேன்னு போன மாசம் எழுதியிருந்தேன் இல்லையா, இதோ.

மஜ்முவாதான் ஜெயிச்சது. வெட்டிவேர், தாழம்பூ, கடம்பு, மழை மண்வாசம் தர்ற மண் அத்தர் நாலும் சேர்ந்த கலவை, உ.பி.யில் அத்தருக்குப் பேர்போன கன்னோஜ் ஊர்ச் சரக்கு. குப்பியில் முகர்ந்தப்போ தாழம்பூ ஒரே தூக்கல், தலைவலி வந்துடும்போல இருந்துச்சு. மணிக்கட்டில் ஒரு சொட்டு வெச்சு அரை மணி நேரம் விட்டா தாழம்பூ அடங்கிடுது. அப்புறம் மண்பானையில் வெட்டிவேர் போட்டு வெச்ச தண்ணியோட வாசம்! ராத்திரி சட்டையைக் கழற்றும்போதும் காலரில் மிச்சம் இருந்தது.

ஷமாமா எனக்கு ஆகலை. மசாலா, மூலிகையெல்லாம் போட்டு வடிக்கிறது, குளிருக்கான சரக்கு. சென்னை வெயிலில் போட்டுட்டு பஸ் ஏறினேன். பக்கத்து சீட் அக்கா, "மூட்டு வலியாப்பா, என்ன தைலம் இது?"ன்னாங்க.

மூணாவது மல்லிகை அத்தர். மல்லிகையைச் சந்தன எண்ணெயில் இறக்கினதுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. பத்தே நிமிஷம், வாசம் போச்சு, தோலில் வழவழப்புதான் மிச்சம். ஏமாந்துட்டேன்னு நினைக்கிறேன்.

அத்தர் வெச்சதும் மணிக்கட்டைத் தேய்க்காதேன்னு போன பதிவில் சொன்னவருக்கு நன்றி. இப்போ பஞ்சில் தொட்டு காது மடலுக்குள்ள வெச்சுக்கிறேன், எங்க தெரு பாய் மாதிரியே.